ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்கும்போது பழைய பள்ளியிடம் என்னவெல்லாம் கேட்கலாம்?

கோத்தகிரி ஆபீஸ்:
ஜூனுக்குள் ஒரு வார்டனும் ஒரு பி.டி. மாஸ்டரும் எடுக்க வேண்டும். ஒரு விண்ணப்பதாரர் வருஷ நடுவில் வேலையை விட்டிருக்கிறார். அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும்தான் இருக்கின்றன, நடத்தை பற்றி ஒரு வரிகூட இல்லை. போனில் கேட்டால் "சொந்தக் காரணம்" என்கிறார்கள். உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? சொன்னால் அவதூறு வழக்கு வருமா?

குன்னூர் வக்கீல்:
பழைய பள்ளி புதிய பள்ளிக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் நேரடிச் சட்டம் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கிறது, 2014-இன் 168-ஆம் சட்டம். விண்ணப்பதாரர் குழந்தைகளோடு நேரடியாகப் பழகிய ஒவ்வொரு பழைய வேலையிடத்துக்கும் படிவம் போகும், 20 நாளுக்குள் பதில் வர வேண்டும். விஷயத்தை வெளியே விடுவதில்லை என்று பேசிக்கொண்டு ராஜினாமா வாங்கும் ஒப்பந்தம் அங்கே செல்லாது. இங்கேயும் அப்படி ஒன்று வந்தாக வேண்டும்.

இப்போதைக்கு நமக்கு இருப்பது போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தைப் பள்ளிப் பொறுப்பாளர் சொல்லாமல் விட்டால் 21(2)-இன்படி ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. ராஜினாமா வாங்கி அனுப்பிவிட்டால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. "முதலில் உள்விசாரணை, மற்றது பிறகு" என்று தள்ளிப்போடும் இடத்தில்தான் பள்ளிகள் மாட்டிக்கொள்கின்றன. பிள்ளைகளை அடித்துத் துன்புறுத்துவது தனி, அதற்குச் சிறார் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவு.

அவதூறு பயம் பாதிதான் சரி. பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) அவதூறு பற்றிய 356-ஆம் பிரிவின் விதிவிலக்குகளில், கேட்பவரின் நன்மைக்காகவோ பொதுநலனுக்காகவோ நல்லெண்ணத்தோடு தரும் எச்சரிக்கையும் ஒன்று. ஆனால் உரிய கவனத்தோடு செய்ததைத்தான் சட்டம் நல்லெண்ணம் என்று ஏற்கும். எனவே கோப்பில் உள்ளதை மட்டும், கேட்டவருக்கு மட்டும், எழுத்தில் சொல்ல வேண்டும். காதில் விழுந்ததைத் தலைமையாசிரியர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. குழந்தையின் அடையாளம் எந்த வடிவிலும் வரக் கூடாது.

கொடைக்கானல் விடுதி நிர்வாகம்:
"ஆள் எப்படி?" என்று கேட்டால் "நல்ல மனுஷன்" என்றுதான் வரும். முதலில் விண்ணப்பதாரரிடம், எல்லாப் பழைய பள்ளிகளும் தன்னைப் பற்றித் தகவல் தரலாம் என்று கையெழுத்து வாங்குங்கள். தயங்கினால் காரணம் கேளுங்கள். பிறகு பழைய பள்ளிக்குக் கடிதம்: குழந்தைகள் தொடர்பான புகார் எதுவும் இவர்மேல் வந்ததா, விசாரணை நடக்கும்போது விலகினாரா, திரும்ப வேலைக்கு எடுப்பீர்களா? மூன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று, முத்திரையோடு பதில். அவர் கொடுத்த செல்போன் எண்ணுக்கு வேண்டாம், எதிர்முனையில் தலைமையாசிரியர் என்று பேசுவது நண்பராக இருக்கலாம். பள்ளியின் லேண்ட்லைனை நீங்களே தேடி எடுங்கள்.

பி.எஃப். கணக்கில் எந்தெந்த இடத்தில் வேலை பார்த்தார் என்று காட்டும் சர்வீஸ் ஹிஸ்டரியை உங்கள் எதிரிலேயே அவரை இறக்கச் சொல்லுங்கள். பயோடேட்டாவில் விட்டுப்போன பள்ளி அதில் தெரியும் (பி.எஃப். கட்டாத சின்னப் பள்ளிகள் தெரியாது). பிரிட்டனில் வேலை பார்த்தவர் என்றால், அங்குள்ள ஆக்ரோ (போலீஸ் குற்றப் பதிவு அலுவலகம்) தரும் சர்வதேசக் குழந்தைப் பாதுகாப்புச் சான்றிதழ் கேளுங்கள்.

கூடலூர்:
2020 போக்சோ விதிகளின்படி டிரைவர், ஆயா, சமையல்காரர், ஒப்பந்த ஆள் உட்பட எல்லோருக்கும் போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம். சேரும்போது ஒரு தடவை செய்தால் போதாது, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எங்கள் பக்கம் வயநாடு, குண்டல்பேட்டையிலிருந்து நிறையப் பேர் வேலைக்கு வருகிறார்கள். நீலகிரியில் மட்டும் பார்த்தால் என்ன தெரியும்? சொந்த ஊர், கடைசியாக வேலை பார்த்த ஊர் இரண்டிலும் கேட்க வேண்டும். புகார் எழுதாமல் அனுப்பப்பட்டவர் அப்போதும் சுத்தமாகத்தான் தெரிவார். 2018-இல் தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் தேசியத் தரவுத்தளத்தை நாம் பார்க்க முடியாது, அது போலீஸுக்கு மட்டும். அதனால் கொடைக்கானல் விடுதிக்காரர் சொன்ன கடிதத்தை விட்டுவிடாதீர்கள்.

கோத்தகிரி ஆபீஸ்:
நன்றி. பதிலே வராவிட்டால்? வந்த பதில் மோசமாக இருந்தால்?

குன்னூர் வக்கீல்:
பதிவுத் தபாலில் நினைவூட்டுங்கள். அதற்கும் மௌனம் என்றால் ஹாஸ்டல் வேலை கொடுக்காதீர்கள், அனுப்பிய கடிதங்களைக் கோப்பில் வையுங்கள். ஒரு குழந்தைக்குக் கெடுதல் நடந்ததாகப் பதில் வந்தால், அந்த நிமிடமே 19-ஆம் பிரிவு உங்களையும் பிடிக்கும். அவரை எடுக்காமல் விட்டதோடு அது முடியாது. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் அந்தக் கடிதத்தின் நகலோடு எழுதிக் கொடுத்து, பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.