அழகரின் பச்சைப் பட்டுக்குப் பாதியில் பச்சை தீர்ந்துவிட்டது: வேறு பிராண்டில் ஈடான நிறம் உண்டா?

செல்லூர்ச் சிற்றோவியன்

வணக்கம். அழகர் ஆற்றில் இறங்கும் காட்சியை 54 மி.மீ. அளவில் செய்துகொண்டிருக்கிறேன். ரெசினில் அச்சிட்ட உருவம். தங்கக் குதிரையும் பச்சைப் பட்டின் முன்பக்க மடிப்புகளும் முடிந்துவிட்டன. முதுகுப் பக்கம் பாக்கி இருக்கும்போது, சிட்டடெல் பிராண்டின் ‘வார்ப்ஸ்டோன் குளோ’ என்ற பச்சை டப்பா தீர்ந்துபோனது.

இணையத்தில் கிடைத்த ஈடு அட்டவணை, வலேஹோ பிராண்டின் கேம் கலர் வரிசையில் 72.029 ‘சிக் கிரீன்’ என்றது. நண்பரிடம் வாங்கிப் பூசினேன். இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் பொருந்தியதாகத்தான் பட்டது. காலையில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால், கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போட்டது போல் இருக்கிறது.

சித்ரா பௌர்ணமிக்குள் முடிக்க வேண்டும். வெளியூரிலிருந்து வரவழைக்க நேரமில்லை. வீட்டில் கேமல் அக்ரிலிக் டியூப்களும் ஃபெவிக்ரில் பாட்டில்களும் இருக்கின்றன. எதோடு எதைக் கலப்பது? ‘வேறு நிறப் பட்டு உடுத்திவிடு’ என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். பச்சை உடுத்தினால்தான் விளைச்சல் என்று அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

திருநகர் தூரிகை

அட்டவணையைத் திட்டிப் பயனில்லை தம்பி. 2012இல் சிட்டடெல் தன் வரிசையையே மாற்றியமைத்துப் பெயர்களையும் மாற்றியது. ‘ஸ்னாட் கிரீன்’ இருந்த இடத்துக்கு வந்ததுதான் வார்ப்ஸ்டோன் குளோ. சிக் கிரீனை ஈடாகச் சொன்னது அந்தப் பழைய ஸ்னாட் கிரீனுக்கு. ஈட்டுக்கு ஈடு என்று போனால் ஒன்றுவிட்ட சொந்தம்தான் மிஞ்சும். சில தளங்கள் திரையில் தெரியும் நிறக் குறியீட்டை வைத்துக் கணக்குப் போட்டு ‘96 சதவீதம் பொருத்தம்’ என்கின்றன. அந்தக் கணக்கில் பெயின்ட் எவ்வளவு மூடும், எவ்வளவு பளபளக்கும் என்பதெல்லாம் வராது.

இன்னொன்று: வலேஹோவில் 70இல் தொடங்கும் எண் மாடல் கலர், 72 என்றால் கேம் கலர். கடையில் பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

நிறமிக் கணக்கு

பெயரை விடுங்கள், டியூபின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஓவியர்களுக்கான டியூப்களில் பெரும்பாலும் நிறமிக் குறியீடு இருக்கும். பிஜி7 என்றால் தாலோ பச்சை. பிஒய்74 எலுமிச்சைச் சாயல் கொண்ட மஞ்சள். பிஒய்42 காவி மஞ்சள். பிடபிள்யூ6 டைட்டானியம் வெள்ளை. எந்த பிராண்டாக இருந்தாலும் குறியீடு ஒன்றானால் நிறம் ஏறக்குறைய ஒரே திசையில் போகும்.

உங்கள் பச்சைக்கு பிஜி7இல் தொடங்குங்கள். அது நீலம் தட்டும், வீரியமும் அதிகம். ஆகவே மஞ்சளை முதலில் எடுத்துக்கொண்டு பச்சையை ஊசி முனையால் சேர்க்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் கிண்ணம் நிறைய மஞ்சள் வீணாகும். வெளிறச் செய்ய வெள்ளையைத் தொடாதீர்கள், புதினாச் சட்னி நிறத்துக்குப் போய்விடும். பச்சை கண்ணைப் பறித்தால் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஒரு பொட்டு. தாலோ பச்சை ஒளி ஊடுருவும் நிறமி என்பதால் அடியில் இருப்பது தெரியும். காவி மஞ்சள் கொஞ்சம் சேர்த்தால் மூடும், நிறம் சற்று மங்கும்.

டியூப்லைட்டில் பொருந்திப் பகலில் பிரிந்ததற்கும் காரணம் நிறமிதான். வெவ்வேறு நிறமிகளால் ஆன இரு பச்சைகள் ஒரு விளக்கில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரியும். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத ஜன்னலோரமாக உட்கார்ந்து கலக்குங்கள்.

விளாச்சேரி வண்டல்

தம்பி, நாங்கள் கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டும் குடும்பம். தசாவதாரம் பத்தையும் ஒரே நாளில் பூசி முடிக்க முடியாது. மறுநாள் கலக்கும் நீலம் முந்தைய நாளின் நீலத்தோடு ஒட்டவே ஒட்டாது. அதற்கு நாங்கள் செய்வதைச் சொல்கிறேன்.

வெள்ளை அட்டைத் துண்டில், உருவத்துக்குப் போட்ட அதே பிரைமரை, அதாவது அடிப்பூச்சை, போடுங்கள். கலந்த பச்சையைப் பூசி முழுதாகக் காயவிடுங்கள். அக்ரிலிக் ஈரத்தில் பால் கலந்தது போல் வெளிறியிருக்கும், காய்ந்தால் ஒரு படி கருக்கும். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பிறகு பூசிய இடத்தின் நடுவில் பஞ்ச் மிஷினால் ஓட்டை போட்டு, அட்டையைப் பழைய பட்டின் மேல் வைத்து ஓட்டை வழியாகப் பாருங்கள். ஓட்டையின் விளிம்பு கண்ணுக்குத் தெரிகிறவரை கலவை சரியில்லை. கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படமும் எடுங்கள். நிறம் கொஞ்சம் விலகினாலும் கண் பொறுத்துக்கொள்ளும். வெளிச்சமும் இருட்டும் விலகினால் பொறுக்காது.

முக்கியமானது கடைசி வேலை. முதுகு முடிந்ததும், ஒரே பச்சையை மிக மெல்லியதாக நீரும் மேட் மீடியமும் (பளபளக்காத, நிறமில்லாத அக்ரிலிக் கலப்பான்) விட்டுக் கரைத்து, பழையது புதியது என்று பார்க்காமல் பட்டு முழுக்க ஒரு பூச்சு கொடுங்கள். இரண்டும் ஒரே குடும்பமாகிவிடும். வெறும் தண்ணீரில் மட்டும் கரைக்காதீர்கள், காய்ந்தபின் பொடியாக உதிரும்.

திருநகர் தூரிகை

அக்கா சொன்னதோடு ஒரு சொல்: புது நிறத்தையும் பழையதையும் இணைக்கும் கோட்டை இடுப்புக் கச்சையின் அடியிலோ மாலையின் நிழலிலோ ஒளித்துவிடுங்கள். பட்டின் நடுவில் நிறுத்தினால் எந்த வித்தையும் காப்பாற்றாது.

செல்லூர்ச் சிற்றோவியன்

எல்லோருக்கும் நன்றி. ஓட்டை அட்டை வேலை செய்கிறது அக்கா! பச்சையோடு மஞ்சளும் காவி மஞ்சளும் சேர்த்த கலவை கிட்டத்தட்ட பொருந்திவிட்டது. ஆனால் புதிய பகுதி மட்டும் மினுமினுக்கிறது. மேலும், இந்தச் சித்திரை வெயிலில் தட்டில் வைத்த கலவை மீதிப் பட்டைப் பூசி முடிக்கும் முன்பே தோல் கட்டிவிடுகிறது.

நிறமிக் கணக்கு

டியூப் அக்ரிலிக் பொதுவாக லேசான பளபளப்போடுதான் உலரும். நிறத்தை மாற்றாதீர்கள். மேல்பூச்சும் முடிந்து ஒரு நாள் ஆறவிட்டு, உருவம் முழுக்க மேட் வார்னிஷ் (பளபளப்பை அடக்கும் மேல்பூச்சு) அடியுங்கள். அதன்பின் தீர்ப்பு சொல்லுங்கள். தங்கக் குதிரையை மட்டும் மறைத்துவிட்டு அடிக்க வேண்டும், இல்லையென்றால் பித்தளை மாதிரி மங்கிவிடும். தோல் கட்டுவதற்கு, டிபன் பாக்ஸில் நனைத்த ஸ்பாஞ்சைப் போட்டு அதன்மேல் பட்டர் பேப்பரை விரித்து அதில் கலக்குங்கள். மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். வேலை முடிந்ததும் மூடி போட்டு வைத்தால் மறுநாளும் அதே கலவை கிடைக்கும்.