கட்லா பித்தம் விழுங்கினால் சர்க்கரை இறங்குமா, கிட்னி இறங்குமா?

பாம்பன் காற்று:
ஞாயிற்றுக்கிழமை மாமனார் ஊரில் அழிகண்மாய், அதாவது ஊரே கண்மாயில் இறங்கி மீன் பிடிக்கும் நாள். திருவாடானைப் பக்கம். மாமா ஊத்தா என்கிற மீன் பிடிக்கும் கூடையைப் போட்டு மூன்று கிலோ கட்லா ஒன்றைப் பிடித்தார். மீனை அறுக்கும்போது பித்தப்பையை உடையாமல் எடுத்து, ஒரு துண்டு கருப்பட்டியோடு லபக்கென்று விழுங்கிவிட்டார். சர்க்கரைக்கு நல்லதாம். (சர்க்கரை நோய்க்கான மருந்தைக் கருப்பட்டியோடு சாப்பிடுவது தனிக் கதை.) சாயங்காலம் நாலைந்து தடவை வாந்தி, வயிற்றுப்போக்கு. இன்று திங்கட்கிழமை எல்லாம் நின்றுவிட்டது, கஞ்சி குடித்தார். மீன் பித்தம் விஷம் என்கிறாள் என் மனைவி. அத்தையோ, சூடு இறங்கிவிட்டது என்கிறார். யார் சொல்வது சரி?

வாலிநோக்கத்தான்:
தம்பி, கசந்ததெல்லாம் விஷம் என்றால் பாகற்காயை என்ன செய்வது? அப்பாவோடு கடலுக்குப் போன காலத்தில் பாறை மீன் பித்தம் நானே விழுங்கியிருக்கிறேன். 52 வயது ஆகிறது, கல்லு மாதிரி இருக்கிறேன். இங்கிலீஷ் டாக்டர்களே பித்தத்தைத்தானே மாத்திரையாக எழுதிக் கொடுக்கிறார்கள்? என் தங்கைக்குப் பிரசவத்துக்கு முன்னால் உடம்பெல்லாம் அரிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் எல்லாம். உர்சோடியாக்சிகோலிக் ஆசிட் என்று கொடுத்தார்கள். கேட்டால் அதுவும் பித்தத்தில் இருக்கிற சரக்குதான். நம் ஆள் செய்தால் மூடநம்பிக்கை, அட்டையில் அடைத்து விற்றால் விஞ்ஞானமா?

டயாலிசிஸ் சிஸ்டர்:
பாம்பன் தம்பி, சண்டை அப்புறம் இருக்கட்டும். மாமா ஒன்றுக்குப் போகிறாரா? எத்தனை தடவை, எவ்வளவு? இதை இப்போதே கேட்டுச் சொல்லுங்கள்.

கெண்டைக் குடும்பத்து மீன்களின் பித்தம் இப்படித்தான் ஏமாற்றும். கட்லா, ரோகு, புல்கெண்டை எல்லாம் அந்தக் குடும்பம்தான். விழுங்கிய சில மணி நேரத்தில் வாந்தி, பேதி, வயிற்று வலி. அது நின்றதும் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் சிறுநீர் குறையும், முகம் வீங்கும். அதற்குள் கிரியேட்டினின், அதாவது கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு, இரத்தத்தில் ஏறியிருக்கும், பல பேருக்கு ஈரல் என்சைமும் கூடவே ஏறும். நான் வேலை பார்க்கும் பிரிவுக்கு ஒருவர் இப்படி வந்து சில வாரம் டயாலிசிஸ் செய்துகொண்டு போனார். நேரத்தோடு வந்தால் பெரும்பாலும் கிட்னி திரும்பிவிடும். வாந்தி நின்றது நல்ல சகுனம் இல்லை தம்பி.

வாலிநோக்கத்தான்:
வாந்தியில் தண்ணீர் வற்றினாலும் கிட்னி அடிபடும்தானே சிஸ்டர்? பழியைப் பித்தத்தின் மேல் போடுகிறீர்கள். வேகவைத்துக் குடித்தால் சரியாகிவிடும்.

டயாலிசிஸ் சிஸ்டர்:
தண்ணீர் வற்றுவதும் சேர்ந்துதான் கெடுக்கிறது, மறுக்கவில்லை அண்ணே. ஆனால் அது மட்டும் இல்லை. அந்த நஞ்சு சூட்டில் அழியாது. வேகவைத்துச் சாப்பிட்டும் படுத்திருக்கிறார்கள், சாராயத்தில் கலந்து குடித்தும் படுத்திருக்கிறார்கள்.

கீழக்கரை பார்மசி:
இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. மனிதப் பித்தத்தில் இருப்பது பித்த அமிலம். ஈரல் அதைக் கொழுப்பிலிருந்து, அதாவது கொலஸ்ட்ராலிலிருந்து செய்கிறது. குடலுக்குப் போனதில் 95 சதவீதம் போல மறுபடியும் ஈரலுக்கே திரும்பிவிடும். கிட்னிக்கு வடிந்து வருகிற கொஞ்சத்தையும் அது வீணாக்காமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். கெண்டைப் பித்தத்தின் முக்கியச் சரக்கு பித்த அமிலமே இல்லை. அது சிப்ரினால் சல்பேட் என்ற பித்த ஆல்கஹால் வகை (குடிக்கிற சாராயம் இல்லை, வேதியியல் பெயர்). அண்ணே சொன்ன உர்சோ வேறு பொருள். ஒரே ஒரு அமிலம், எடைக்கு ஏற்ற அளவு. 'பித்தம்' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் கட்டியதால் வந்த வினை இது.

பாறை மீன் தின்று தப்பித்ததும் அதனால்தான். முள் உள்ள கடல் மீன்களில் பெரும்பாலும் நம்முடையதைப் போன்ற பித்த அமிலங்களே இருக்கும். ஆனால் சுறா, திருக்கையில் சிம்னால் சல்பேட் என்று அதுவும் ஆல்கஹால் வகைதான். கடல் மீன் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

வாலிநோக்கத்தான்:
அப்போ நல்ல பித்த அமிலம் கிட்னியை ஒன்றும் செய்யாது. ஒத்துக்கொள்.

கீழக்கரை பார்மசி:
அளவைப் பொறுத்தது. மஞ்சள் காமாலை முற்றி, இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி பெரும்பாலும் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டும்போது, பித்தம் கிட்னியின் நுண்குழாய்களில் கட்டியாக உறைந்து அடைத்துக்கொள்வதுண்டு. கீழாநெல்லி கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் வீட்டில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதில் முதல் குற்றவாளி பிலிருபினா பித்த அமிலமா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு, உங்களுக்குப் பிடிக்கும். பித்த அமிலம் செல்லுக்குள் எஃப்எக்ஸ்ஆர் என்ற ரிசெப்டாரை, சுவிட்ச் மாதிரி ஒரு புரதத்தை, தட்டி எழுப்பும் என்று 1999இல் கண்டுபிடித்தார்கள். அந்த ரிசெப்டார் கிட்னியிலும் இருக்கிறது. சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளில் அதை மருந்தால் தூண்டியபோது சிறுநீரில் புரதம் போவது குறைந்தது, கிட்னியில் விழும் தழும்பும் குறைந்தது. எலியில்தான் அண்ணே. ரிசெப்டாரைத் தட்டுவதற்கென்றே செய்த மருந்து அது, கட்லாவின் பை இல்லை.

டயாலிசிஸ் சிஸ்டர்:
எங்களிடம் வருகிறவர்களுக்குப் பாஸ்பரஸைக் குறைக்க செவலமர் மாத்திரை உண்டு. அது குடலில் பித்த அமிலத்தையும் பிடித்துக்கொண்டு வெளியே போகும், கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கும். கிட்னி கெட்டால் இரத்தத்தில் பித்த அமிலம் கூடும் என்பதும் உண்மை. ஆக, கூட்டுவதற்கு இல்லை, குறைப்பதற்குத்தான் நாங்கள் மாத்திரை கொடுக்கிறோம்.

கீழக்கரை பார்மசி:
அது பாஸ்பரஸுக்கான மாத்திரை சிஸ்டர். பித்தம் இறங்குவது கூடவே நடப்பது. அதை வாதமாக வைக்காதீர்கள், அண்ணன் பிடித்துக்கொள்வார்.

வாலிநோக்கத்தான்:
பிடித்துக்கொண்டேன். சரி, கட்லா விஷயத்தை விட்டுவிடுகிறேன். கண்மாய் மீனை நாங்கள் மீனாகவே சேர்ப்பதில்லை. பாறை மீனை விட மாட்டேன்.

பாம்பன் காற்று:
மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். அத்தையிடம் கேட்டால் காலையிலிருந்து ஒரே தடவைதான் போயிருக்கிறார், அதுவும் டீ டிகாக்ஷன் நிறத்தில். சிஸ்டர் பதிவைப் படித்துக் காட்டினேன். உடனே ஆட்டோ பிடித்து ராமநாதபுரம் வந்துவிட்டோம். கிரியேட்டினின் 3.8. எந்த மீன், எத்தனை மணிக்கு என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். மாமா வாயே திறக்கவில்லை, நான்தான் சொன்னேன். அட்மிட் செய்துவிட்டார்கள். ஒன்றுக்குப் போவதை அளக்க ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார்கள்.

வாலிநோக்கத்தான்:
சொட்டு விடாமல் அளந்து எழுதி வை தம்பி. வலி மாத்திரை எதுவும் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதே. நாளைக்கு ராமநாதபுரம் வருகிறேன், எந்த வார்டு?