ஞாயிறு படம்: ரெண்டு மாலுமிப் படங்களில் எது?

கலா அத்தை: ஞாயித்துக்கிழமைக்கு என்ன படம்? மாலுமிங்க ஆடிப் பாடுற காதல் படம்னு மட்டும் சொன்னீங்க.

அருண்: ரெண்டு இருக்கு அத்தை. 'ஆங்கர்ஸ் அவே' (1945), 'ஆன் தி டவுன்' (1949). ரெண்டும் ஹாலிவுட் எம்ஜிஎம் கம்பெனி எடுத்தது, ரெண்டுலயும் ஜீன் கெல்லி, ஃபிராங்க் சினாட்ரா நடிச்சிருக்காங்க.

பெரியப்பா: குழந்தைங்க வர்றாங்கன்னா முதல் படம். கெல்லி, 'டாம் அண்ட் ஜெர்ரி' கார்ட்டூன்ல வர்ற ஜெர்ரி எலியோட ஆடுறது அதுலதான். ரெண்டே கால் மணி நேரத்துக்கு மேல ஓடும், நடுவுல ஒரு காபி இடைவேளை விட்டுடுங்க.

திவ்யா: கம்ப்யூட்டரே இல்லாத காலத்துல எலியை எப்படி பெரியப்பா ஆட வச்சாங்க?

பெரியப்பா: பாட்டை முன்னாடியே பதிவு பண்ணி, அதை ஓடவிட்டு கெல்லி தனியா ஆடினார். எதிர்ல யாரும் கிடையாது. அப்புறம் ஒவ்வொரு ஃப்ரேமா நிறுத்தி, அவர் கை கால் எங்க இருக்குன்னு தாள்ல படி எடுத்து, அதுக்குப் பொருந்துற மாதிரி, ஜெர்ரியை உருவாக்கின ஹன்னா, பார்பரா குழு எலியை வரைஞ்சுது. நொடிக்கு 24 ஃப்ரேம்! கெல்லி பார்வை ஒரு ஜாண் மேல போயிருந்தாக்கூட, எலியை விட்டுட்டுச் சுவரைப் பார்க்குற மாதிரி ஆயிருக்கும்.

பெரியப்பா: தரையையும் கவனி. பளபளன்னு இருக்கும், கெல்லியோட பிம்பம் விழும். எலிக்கு விழலைன்னா அந்தரத்துல மிதக்கும். அதனால ஜெர்ரிக்குத் தலைகீழ் பிம்பமும் தனியா வரைஞ்சாங்க. முதல்ல மிக்கி மவுஸைத்தான் கேட்டாங்க, டிஸ்னி தரலை.

அருண்: காதல்னு பார்த்தா என் ஓட்டு 'ஆன் தி டவுன்'. முதல் படத்துல நாலு நாள் லீவு, கதை நடுவுல படுத்துடும். இதுல 24 மணி நேரம்தான். காலை 6 மணிக்கு புரூக்ளின்ல கப்பலை விட்டு இறங்கினா, மறுநாள் 6 மணிக்குள்ள ஏறியாகணும். நேரம் அப்பப்போ திரையிலயே ஓடும். கெல்லி தனக்குப் பிடிச்ச பொண்ணைத் தேடுறதுக்கே பாதி நாள் போயிடுறதால ஒவ்வொரு சந்திப்புக்கும் பதற்றம் இருக்கு.

மணி மாமா: தொடக்கப் பாட்டு நிஜ நியூயார்க் தெருவுலயே எடுத்தது. சினாட்ராவைப் பார்த்தா கூட்டம் சேர்ந்துடும்னு கேமராவை வண்டிக்குள்ள ஒளிச்சு வச்சாங்க. ஆனா இந்தப் படத்துக்கு மூலமான 1944 மேடை நாடகத்துக்கு லெனார்ட் பெர்ன்ஸ்டைன் போட்ட பாட்டுல பெரும்பாலானதைத் தூக்கிட்டு, எம்ஜிஎம் இசையமைப்பாளர் ரோஜர் ஈடன்ஸ் மெட்டுங்களைப் போட்டுட்டாங்க. எனக்கு அது பெரிய குறை. நாடகத்து இசைத்தட்டைக் கேட்டவங்களுக்கு ஏமாத்தமா இருக்கும்.

கலா அத்தை: சரி, ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்குள்ள முடியுமா அது?

அருண்: 98 நிமிஷம் அத்தை.

கலா அத்தை: அப்போ 'ஆன் தி டவுன்'. எலி ஆட்டத்தை மட்டும் முன்னாடி போட்டுக் காட்டிடலாம்.

பெரியப்பா: டிவியில ஜூம் போடாதீங்க. ரெண்டும் பழைய சதுர வாக்குப் படம். திரையை நிரப்பினா மேலயும் கீழயும் வெட்டுப்படும், ஆடுறவங்க பாதமே தெரியாது. ரெண்டு பக்கமும் கருப்பா இருந்தா இருக்கட்டும். காட்சியை வழவழப்பாக்குற மோஷன் செட்டிங்கையும் அணைச்சிடுங்க, எலி ஓரமெல்லாம் கலங்கும்.