கஸ்டம் சர்ஃப் போர்டு சொல்லி செஞ்சவங்க, பட்டறையில நின்னு பாத்தவங்க – அனுபவத்த எழுதுங்க

டீவைவாசி:

சிட்னியில ப்ரூக்வேல்ல ஒரு ஷேப்பர்கிட்ட, அதாவது போர்டு செதுக்கறவர்கிட்ட, போர்டு சொல்லி செஞ்சேன், அதப் பத்தி எழுதறேன், மத்தவங்களும் எழுதுங்க. நம்ம ஆளுங்க நெறைய பேரு இங்க சர்ஃப் பண்றாங்க, ஆனா போர்டுன்னா கடையில மாட்டி வச்சிருக்கறத எறக்கி காசு குடுத்து வாங்கறதோட சரி.

ப்ரூக்வேல் தெரியாதவங்களுக்கு, கடல்லேருந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கற ஷெட்டு ஏரியா, மெக்கானிக் கடைங்க நடுவுல போர்டு பட்டறைங்க. 1950-கள் கடைசி, 60-கள் ஆரம்ப காலத்து ஆளுங்க பேரி பென்னட், கோர்டன் வுட்ஸ், பில் வாலஸ், ஸ்காட் டில்லன், கிரெக் மெக்டோனா, டென்னி கியோ. இந்த ஆறு பேரையும் சேத்து ப்ரூக்வேல் சிக்ஸ்னு இன்னைக்கும் சொல்றாங்க. இவங்க தொடங்கி வச்சதுதான் அங்க நடக்கற தொழிலே.

நான் போன்ல சைஸ் எல்லாம் எழுதி எடுத்துட்டுப் போனேன், 5 அடி 10 இன்ச், அகலம் 19¼, தடிமன் 2⅜, கன அளவு 28 லிட்டர்னு. அவரு போன கையிலயே வாங்கல. பழைய போர்டு இருக்கான்னாரு. கார்ல இருக்குன்னேன். கொண்டா, வேக்ஸ சுத்தமா சுரண்டுன்னாரு. சுரண்டி முடிச்சதும் போர்ட வாசப்பக்கம் கொண்டு போயி வெளிச்சத்துக்கு சாய்ச்சுப் புடிச்சாரு பாருங்க, அப்பதான் எனக்கே தெரியுது டெக்கு, அதாவது நாம நிக்கற மேல் பக்கம், பூரா பள்ளம் பள்ளமா இருக்குன்னு, எல்லாம் என் கால் அழுத்துனது. முன்னங்கால் குதிகால் பள்ளம், பின்னங்கால் பள்ளம், முட்டி ஊனுன எடம், படுத்துகிட்டு கையால துடுப்பு போடறப்ப நெஞ்சு எலும்பு பட்ட எடம் வரைக்கும். பின்னங்கால் பள்ளம், வால் பக்கம் அடியில இருக்கற தகடுங்க, அந்த ஃபின்னுங்களுக்கு நல்லா ஒரு சாண் முன்னாடி இருந்துச்சு. அதுல விரல வச்சு, நீ நிக்கறது இங்க, போன்ல எழுதிட்டு வந்திருக்கறது இங்க நிக்கறவனோட போர்டுன்னு போர்டு வால தட்டிக் காட்டுனாரு. அப்புறம் எடை கேட்டாரு, சொன்னேன். அது துண்டு கட்டிட்டு நின்னா வர்ற எடை, ஜூலை மாசக் குளிர்ல நனைஞ்ச வெட்சூட்டோட எவ்ளோன்னாரு. எந்த பீச்சு, அலை எவ்ளோ பெருசா இருந்தா தண்ணியில எறங்குவ, எப்ப வீட்டுக்குப் போயிடுவ, இதெல்லாம் கேட்டு முடிச்சப்புறம்தான் பென்சில எடுத்தாரு.

செய்யறப்ப நின்னு பாக்கலாமான்னு கேட்டேன், வாயத் தொறக்காம நில்லுன்னாரு. ஷேப்பிங் ரூமுன்னா நல்லா வெளிச்சமா இருக்கும்னு நெனச்சேன், மேல் லைட்டே கெடையாது. ரெண்டு பக்கச் சுவத்துலயும் இடுப்பு உயரத்துல நீளமா ட்யூப் லைட்டு, சுவரு கரு நீலம். வெளிச்சம் பக்கவாட்டுல வந்தா நிழல் விழும், மேடு பள்ளம் எங்க இருந்தாலும் அந்த நிழலே காட்டிக் குடுத்துடும். ப்ளாங்க்க, அதான் செதுக்காத ஃபோம் கட்டைய, ஸ்டாண்டுல வச்சு, டெம்ப்ளேட்ட வச்சு பென்சில் கோடு, கை ரம்பத்துல அறுப்பு. அடுத்து ப்ளேனர், கரண்டுல ஓடற இழைப்புளி. அது பழைய ஸ்கில் 100, கம்பெனி அத செய்யறத நிறுத்தி எத்தனையோ வருஷமாச்சு, ஆனா வச்சிருக்கறவங்க உசுரா வச்சிருக்காங்க. ஏன்னா ஓட்டிட்டு போறப்பவே விரலால ஆழத்த கூட்டிக் கொறைக்கலாம், மூக்குலேருந்து வால் வரைக்கும் ஒரே நடையில நடந்துகிட்டே, எங்கயும் நிக்காம. நின்னா அங்க பள்ளம் விழுந்துடும்.

ரொம்ப செதுக்கக் கூடாதாம். ஃபோம் மேல்பக்கம் கெட்டி, உள்ள போகப் போக மெத்துனு ஆயிடும், அதனால கடைசியில வர வேண்டிய வளைவுக்குக் கிட்டத்தட்ட இருக்கற ப்ளாங்க்கா பொறுக்கி எடுத்துடறாங்க. அந்த நீளவாக்கு வளைவத்தான் ராக்கர்ங்கறாங்க. எனக்கு முன்பக்க ராக்கர கம்மி பண்ணி, அகலமான எடத்த நான் நிக்கற எடத்துக்கு நேரா முன்னுக்கு நகத்திட்டாரு. நடுவுல ஓடற மரப் பட்டை, ஸ்ட்ரிங்கர், அதுக்குன்னு தனியா கையடக்க இழைப்புளி வச்சிருக்காரு. உப்புத்தாள் போட்டா ஃபோம் தேயும், மரம் தேயாது, முதுகெலும்பு மாதிரி துருத்திட்டு நிக்கும், அத மட்டும் சுருள் சுருளா சீவி எடுத்தாரு. கடைசியில வால் பக்கம் ஸ்ட்ரிங்கர் மேலயே பென்சில்ல அளவு, என் பேரு, அவரு கையெழுத்து.

ரெண்டு இன்ச்சு நீளமும் கொஞ்சம் அகலமும் நான் கேட்டதவிட கூட. போன்ல நான் எழுதி வச்ச போர்டு வந்திருந்தா டீ வை பீச்சுல கரையோரமா ஒடையற அலையில முங்கிட்டுதான் இருந்திருப்பேன்.

அறுகம்பே:

தம்பி சொன்னது சரி. எனக்கும் உந்த லிட்டர் கணக்கில பெரிய நம்பிக்கை இல்லை. அறுகம்பேயில ஒரு வெள்ளைக்காரப் பெடியன்ர போர்டும் என்ர போர்டும் ஒரே லிட்டர், ஒருநாள் மாத்தி எடுத்தனாங்கள். அவன்ர போர்டில ஃபோம் முழுக்க நெஞ்சுக்குக் கீழ, ரெயில், அதாவது பக்க விளிம்பு, மெல்லிசு. துடுப்புப் போட சுகமா இருந்தது, அலை பிடிக்கவும் சுகம், ஆனா திருப்பேக்க ரெயில் தண்ணிக்குள்ள இறங்கின இறக்கத்தில நான் பயந்துபோனன். என்ரது ரெயில் வரைக்கும் தடிப்பு, மிதக்கும், ஆனா சாய்க்க மாட்டாது. கணக்கு ஒண்டுதான், இருக்கிற இடம் வேற. லிட்டரை மட்டும் பாத்து ஓடர் குடுக்காதேங்கோ.

பெல்ஸ்_பக்கம்:

நல்ல பதிவு ப்ரோ, ஆனா கொஞ்சம் பழைய காலத்து ரொமான்ஸ் ஜாஸ்தியா இருக்கு, கோச்சுக்காதீங்க. இன்னைக்கு கஸ்டம்னு விக்கறதுல பெரும்பாலானது மெஷின் வெட்டுனதுதான். ஷேப் 3டி, ஆக்கு ஷேப்பர் மாதிரி சாஃப்ட்வேர்ல டிசைன் போட்டு ஃபைல அனுப்புனா மெஷின் வெட்டிக் குடுத்துடும், வெட்டுன தடம் மேல உழவு போட்ட வயல் கணக்கா வரி வரியா இருக்கும், அத தேய்ச்சு எடுக்கறதுதான் கை வேலை. நான் இங்க விக்டோரியாவுல டார்க்கேல செஞ்சதும் அப்படித்தான், எனக்கு அதுல ஒரு குறையும் தெரியல. சொல்லப்போனா நல்லதுதான். பிடிச்ச போர்டு ஒடஞ்சிடுச்சுன்னா அதே ஃபைல திரும்ப வெட்டலாம், ரெண்டாவது ரவுண்டுல அகலத்துல கால் இன்ச்சு மட்டும் கூட்டிக்கலாம். கையில செஞ்சா அதே போர்டு இன்னொரு தடவ அச்சு அசலா வரவே வராது.

எனக்கு கடுப்பாகறது வேற விஷயம். பெரிய பேரு இருக்கற லேபிள்ல காசு குடுத்து வாங்குவோம், செஞ்சது உள்ள முகம் தெரியாத இன்னொருத்தரு, கோஸ்ட் ஷேப்பர்னு சொல்வாங்க. ஸ்ட்ரிங்கர்ல கையெழுத்து மட்டும் பெரியவரோடது. மெஷின்னு வெளிப்படையா சொல்லி விக்கறவன்கிட்ட எனக்கு சண்டை இல்ல.

டீவைவாசி:

@பெல்ஸ்_பக்கம் மெஷின் வேணாம்னு நான் சொல்லல தல. என்ன கேள்வி கேட்டு ஃபைல் போடறாங்கங்கறதுதான் விஷயம். என் கால் பள்ளத்த பாக்காம ஃபைல் போட்டா கையில செதுக்குனாலும் வேஸ்ட்டுதான். நீங்க பெல்ஸ் பீச் பக்கமே இருக்கீங்க, சர்ஃபர் சைமன் ஆண்டர்சன் கதை தெரியும்ல. அவரு எங்க ஏரியா, நாரபீன். பெரிய ஒடம்பு மனுசன். மார்க் ரிச்சர்ட்ஸ் ரெட்டை ஃபின் வச்சு 1979-லேருந்து வரிசையா உலக சாம்பியன் ஆகிட்டு இருந்த நேரம், இவருக்கு அது பெரிய அலையில வழுக்கிட்டு ஓடுச்சு, சிங்கிள் ஃபின்னுக்கும் திரும்பிப் போக முடியல. 1980-ல மூணு ஃபின் வச்சு த்ரஸ்டர்னு செஞ்சாரு, 1981-ல பெல்ஸ் போட்டியில ராட்சச அலையில அத வச்சே ஜெயிச்சாரு, அதே வருஷம் ஹவாயில பைப்லைன் மாஸ்டர்ஸ் போட்டியும். பேட்டன்ட் வாங்கல. இன்னைக்கு கடையில இருக்கறதுல முக்காவாசி அந்த மூணு ஃபின்தான். சொந்த ஒடம்புக்கு என்ன சரி வரலைன்னு தெரிஞ்சு செஞ்சதுதானே அது.

உப்புத்தாள்:

எல்லாரும் ஷேப்பர் ஷேப்பர்னே பேசறீங்க, அவரு கைய விட்டுப் போனப்புறம் என்ன நடக்குதுன்னு ஒருத்தரும் எழுதலயே. நான் கோல்ட் கோஸ்ட்ல படிக்க வந்தப்ப போர்டு மேல ஃபைபர் துணி ஒட்டற ஒரு க்ளாஸிங் பட்டறையில பார்ட் டைம் வேலை பாத்தேன், முதல்ல கூட்டறது பெருக்கறது, அப்புறம் சேண்டிங், அதான் உப்புத்தாள் தேய்ப்பு. பேரு வேணாம்.

வெள்ளை ஃபோமா வர்ற போர்டு மேல ஃபைபர் க்ளாஸ் துணிய விரிப்பாங்க. சாதாரண ஷார்ட் போர்டுக்கு அடியில நாலு அவுன்ஸ் துணி ஒரு லேயர், டெக்குல ரெண்டு லேயர், நாலு அவுன்ஸ்னா ஒரு சதுர கெஜத்துக்கு அவ்ளோ எடை. துணிய ரெயிலத் தாண்டி தொங்கற மாதிரி வெட்டி, ரெசின்ங்கற பசைய ஊத்தி, ரப்பர் பட்டையால இழுத்து இழுத்து துணிக்குள்ள எறக்கணும். கூட நின்னா எடை, கம்மியானா துணி காஞ்சு வெள்ளை வெள்ளையா தெரியும். கெட்டியாக்கற கேட்டலிஸ்ட் கலந்த ரெசின் ரொம்ப நேரம் பொறுத்துக்காது, கோடை மத்தியானத்துல வாளியிலயே கெட்டியாயிடும். இந்த துணி ஒட்டற எங்க லேமினேட்டர் அந்த நேரத்துல யாராச்சும் பேச்சு குடுத்தா கொன்னே போட்டுருவாரு. அது காஞ்சதும் மேல இன்னொரு கோட்டு ரெசின், ஹாட் கோட்டுன்னு பேரு, அதுல மெழுகு கலந்திருக்கும், அப்பதான் மேல் பக்கம் பிசுபிசுப்பில்லாம காஞ்சு உப்புத்தாள் போட வரும்.

அடுத்து நம்ம வேலை. மெஷின் பேட ரெயில் மேல ஒரு செகண்ட் ஜாஸ்தி வச்சா போதும், துணி நூல் வெளிய தெரியும், தண்ணி உள்ள போற வழி அதுதான். ஃபின் பக்கத்துல, வால் ரெயிலோட அடி ஓரம் கத்தி மாதிரி கூர்மையா இருக்கணும், தண்ணி அங்க ஒட்டாம விட்டுட்டு போகணும், அப்பதான் வேகம். ஷேப்பர் அத ஃபோம்ல செஞ்சு அனுப்பியிருப்பாரு, ஆனா துணியும் ரெசினும் ஏறுனா ஓரம் உருண்டை ஆயிடும். டேப் ஒட்டி, ரெசின்ல ஒரு வரப்பு கட்டி, காஞ்சப்புறம் அத ப்ளாக் வச்சு தேய்ச்சு திரும்ப அந்த கூர்மைய கொண்டு வர்றது சேண்டர்தான். புதுசா வந்தவன் கையில மாட்டி ஓரம் மழுங்கிப் போன போர்டுங்க அப்படியே கஸ்டமருக்கு போயிருக்கு, கஸ்டமர் ஷேப்பர திட்டுவாரு. போர்டு வாங்கப் போறவங்க கட்டை விரல அந்த வால் ஓரத்துல ஓட்டிப் பாருங்க, எங்க வரைக்கும் கூர்மை, எங்க உருளுதுன்னு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்.

தூசி பத்தி சொல்லியே ஆகணும். நான் இருந்த எடத்துல மாஸ்க்கு பேருக்குத்தான் இருந்துச்சு, ஃபில்டர் எப்ப மாத்துனாங்கன்னு யாருக்கும் தெரியாது. ராத்திரி குளிச்சப்புறமும் முழங்கையெல்லாம் அரிக்கும், க்ளாஸ் தூள் தோலுக்குள்ள போயிடும். என் காசுல நல்ல மாஸ்க்கு வாங்குனேன், மேனேஜர் சிரிச்சாரு. வீட்ல செய்யலாம்னு கெளம்பறவங்க போர்டுக்கு முன்னாடி மாஸ்க்கு வாங்குங்க, அவ்ளோதான்.

ஆரஞ்ச்_கவுன்ட்டி:

நான் சதர்ன் கலிஃபோர்னியா. சான் க்ளமென்ட்டியில ஒரு வயசான ஷேப்பர்கிட்ட லாங் போர்டு செய்யக் குடுத்தேன், மனுசன் வேலையவிட பேச்சு ஜாஸ்தி, எனக்கு அதுதான் பிடிச்சுது. 2005 டிசம்பர் 5, திங்கக்கிழமை, அத பத்தி பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. இங்க பக்கத்துல லகூனா நிகெல்ல க்ளார்க் ஃபோம்னு கம்பெனி, அமெரிக்காவுல பெரும்பாலான ஷேப்பருங்க ப்ளாங்க் வாங்குனது அங்கதான். கோர்டன் க்ளார்க் முன்னாடி ஹோபி ஆல்ட்டர்கிட்ட இருந்தவரு, ரெண்டு பேரும் சேந்துதான் 1958 வாக்குல பால்சா மரத்த விட்டுட்டு பாலியூரித்தேன் ஃபோமுக்கு வந்தாங்க. அந்த திங்கக்கிழமை ஏழு பக்கத்துக்கு ஒரு ஃபேக்ஸ், சுற்றுச்சூழல் கெடுபிடி, கேஸ் பயம்னு எழுதி, இன்னையோட கம்பெனி மூடியாச்சுன்னு. அச்சு எல்லாத்தையும் ஒடச்சே போட்டுட்டாரு.

ஃபோம் இல்லாம கையில ப்ளேனர வச்சுகிட்டு நின்னோம்னாரு. ஸ்டாக் வச்சிருந்தவன் வெலைய ஏத்திட்டான், கடன் வாங்கி பதுக்குனவனும் உண்டாம். ஆனா அதுக்கப்புறம்தான் வெளிநாட்டு ப்ளாங்க்கு, இபிஎஸ்ங்கற தெர்மாகோல் ஃபோம், எப்பாக்ஸிங்கற வேற ரெசின்னு எல்லாத்தையும் தொட்டுப் பாத்தாங்களாம், அது வரைக்கும் ஒரே கம்பெனிய நம்பி சோம்பேறியா இருந்தோம்னு அவரே ஒத்துக்கறாரு. என் போர்டு சொன்ன தேதிக்கு வரல, அது தனிக் கதை, இந்த ஊர்ல எந்த ஷேப்பரும் சொன்ன தேதிக்கு தந்ததா கேள்விப்பட்டதில்ல.

கோவளம்_குப்பம்:

நான் சென்னை பக்கம் கோவளம். இங்க எங்களுக்கு கஸ்டம் எல்லாம் எட்டாத வெலைங்க அண்ணே, வெளிநாட்டுக்காரங்க விட்டுட்டுப் போறது, செகண்ட் ஹேண்டு, அதத்தான் ஒட்டி ஒட்டி ஓட்டுறோம். ஒட்டுறதுல நாங்க கில்லாடி. சுனாமிக்கு அப்புறம் ஃபைபர் படகு நெறைய வந்துச்சுல்ல, அதுக்கு ஃபைபர் மேட்டு, ரெசின், ஹார்ட்னர் எல்லாம் குப்பத்துலயே கெடைக்கும், படகு ஒட்டுற அண்ணனுங்க கைக்கு சர்ஃப் போர்டு ஓட்டை சப்ப மேட்டர். ஒரு தடவ ஒரு ஃப்ரெஞ்சுக்காரரு போர்டு மூக்கு ஒடஞ்சு வந்துச்சு, அண்ணன் வழக்கம் போல படகு ரெசின ஊத்துனாரு, கண்ணு முன்னாடி உள்ள இருந்த ஃபோம் கரைஞ்சு குழி விழுந்துருச்சு. அது தெர்மாகோல் போர்டு, அதான் நீங்க சொல்ற இபிஎஸ். படகு ரெசின்ல இருக்கற ஸ்டைரீன் தெர்மாகோல தின்னுடும், பழைய ஃபோம ஒண்ணும் பண்ணாது. அதுலேருந்து மூக்குகிட்ட சின்னதா சுரண்டி, உருண்டை உருண்டை மணியா வந்தா ரெசின தொடறதே இல்ல.

எங்க பெரியப்பா கட்டுமரம் செதுக்குனவரு, வாச்சி புடிச்ச கை. போர்ட கவுத்துப் போட்டு அடிப்பக்கம் உள்ளங்கையால தடவிப் பாத்துட்டு, மூக்கு இவ்ளோ தூக்குனா ஓட்டம் போயிடுமேடா, கரை அலை செங்குத்தா ஒடையற எடத்துக்கு செஞ்சதா இதுன்னாரு. அவரு சர்ஃப் பண்ணி பாத்தது கூட கெடையாது.

இப்ப எப்பாக்ஸி வாங்கி தெர்மாகோல் போர்டு ஒட்டப் பாக்கறோம், ஆனா காலையில போட்டா குமிழி குமிழியா வருது. ஹார்ட்னர் அளவு எல்லாம் தராசுல வச்சு கரெக்ட்டாதான் போடறோம். யாருக்காச்சும் தெரியுமா?

உப்புத்தாள்:

@கோவளம்_குப்பம் அளவு இல்ல தம்பி, நேரம்தான் தப்பு. தெர்மாகோல் மணிக்கு நடுவுல காத்து இருக்கு, காலையில போட்டு வெயில் ஏற ஏற அந்த காத்து விரிஞ்சு ரெசின தள்ளிட்டு வெளிய வரும். போர்ட பகல் பூரா நெழல்ல அந்த சூட்டுலயே வச்சிருங்க, சாயங்காலம் சூடு எறங்க ஆரம்பிச்சப்புறம் ஊத்துங்க, அப்ப காத்து சுருங்கும், ரெசின் உள்ள இழுக்கும். அதுக்கு முன்னாடி எப்பாக்ஸியில மைக்ரோ பலூன் பவுடர் கலந்து பேஸ்ட்டு மாதிரி மெல்லிசா பூசி ஓட்டைய அடைச்சுட்டா இன்னும் நல்லது. பெரியப்பாவ கேட்டதா சொல்லு, அவரு சொன்ன மூக்கு எத்தனை இன்ச்சு தூக்கியிருக்குன்னு அளந்து போடு, நான் இங்க ஷேப்பர்கிட்ட காட்டறேன்.