அந்த 0.3 மி.மீ. பல்லுல இருந்து எடுக்கறதா, பல்லு மேல வைக்கறதா?

எனாமல்காவலன்:
நேத்து பல் அழகு பத்தின இழையில வெண்முத்துனு ஒருத்தங்க எழுதியிருந்தாங்க, "பல்லைத் துளி கூட ராவாம 0.3 மி.மீ. வெனீர் ஒட்டிக்கலாம், பிடிக்கலேன்னா கழட்டிட்டா பழைய பல்லு அப்படியே இருக்கும்"னு. அதுக்கு ஏகப்பட்ட லைக் வேற. வெனீர்னா பல்லு முன்பக்கம் ஒட்டற மெல்லிசு போர்சலின் தகடு, கிரவுன்னா பல்லைச் சுத்தி சீவிட்டு மேல முழுசா மாட்டற மூடி. படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. நான் பல் டாக்டர், கிரவுனும் வெனீரும்தான் என் தினப்படி வேலை, பல்லை எவ்வளவு குறைவாத் தொட முடியுமோ அவ்வளவு குறைவாத் தொடணும்னு சொல்ற கட்சி நான், அதனாலதான் இந்தக் கோவம். பல்லோட கடினமான மேலடுக்கு எனாமல், அது போனா போனதுதான், அதை உண்டாக்கற செல்லெல்லாம் பல்லு முளைக்கறதுக்குள்ளயே அழிஞ்சுடும், உடம்பு அதைத் திரும்ப வளர்க்காது. மேல் முன்பல்லுல நுனிப்பக்கம் எனாமல் ஒரு மி.மீ. அளவுக்கு இருக்கும், ஈறுகிட்ட வந்தா 0.3, 0.4 அவ்வளவுதான். அங்க போய் 0.3 எடுத்தா எனாமலுக்கு அடியில இருக்கற டென்டின் வெளிய வந்துடும். அப்ப 0.3-ன்னு நீங்க சொல்றது எதை? எடுக்கறதையா வைக்கறதையா?

வெண்முத்து:
டாக்டர் சார், எனக்கு போட்டிருக்கு, நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒண்ணும் ஆகல. ஊசி போடல, ட்ரில் சத்தமே கேக்கல. ஓர முன்பல்லு ரெண்டும் எனக்கு சின்னதா கூம்பா இருக்கும், பக்கத்துல இடைவெளி, சிரிக்கவே கூச்சப்படுவேன், இப்ப வாய்விட்டு சிரிக்கிறேன். 0.3-ங்கறது வெனீரோட கனம். பல்லுல எடுத்தது பூஜ்யம். இதுல என்ன புரியல?

எனாமல்காவலன்:
பூஜ்யம்னு நீங்க எப்படி அளந்தீங்க மேடம்? நாற்காலியில வாயைத் திறந்துட்டு படுத்திருந்தவங்க நீங்க. வெனீர் ஒட்டணும்னா 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லை எனாமல் மேல வச்சு 15ல இருந்து 30 செகண்ட் விட்டுக் கழுவணும். அதைக் கழுவிட்டு காத்தடிச்சு காய வச்சா பளபளன்னு இருந்த பல்லு சுண்ணாம்பு பூசின மாதிரி மங்கி வெளுத்து நிக்கும், அந்த வெளுப்பு தெரிஞ்சாத்தான் நாங்க அடுத்த வேலைக்கே போவோம். அது என்னன்னு நினைச்சீங்க? மேலாப்புல பத்து மைக்ரான், அதாவது மி.மீ.ல நூத்துல ஒரு பங்கு அளவுக்கு எனாமல் கரைஞ்சு போய், மிச்சத்துல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்திருக்கு. அந்த ஓட்டைக்குள்ள ஒட்டற பசையான ரெசின் இறங்கி இறுகுது. அப்புறம் அதைக் கழட்டறதுன்னா உங்க நகத்தால நெம்பி எடுக்கறதா? வைரப் பர், அதாவது வைரத்தூள் பதிச்ச ட்ரில் முனை போட்டு போர்சலினை ராவி ராவித்தான் எடுக்கணும், எங்க போர்சலின் முடியுது, எங்க ஒட்டின சிமெண்ட் முடியுது, எங்க எனாமல் ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிக்கறதே பெரும்பாடு. அந்த நேரத்துல போற எனாமலை யாரு கணக்குல எழுதறது?

வெண்முத்து:
கேட்டது 0.3 பத்தி, பதில் சொன்னேன். இப்ப மைக்ரானுக்கு இறங்கிட்டீங்க. 0.3 எங்க, 10 மைக்ரான் எங்க? முப்பதுல ஒரு பங்குதான்.

சூளைக்காரன்:
நடுவுல வரேன். நான் லேப்ல செராமிக் வேலை பாக்கறவன், இந்த 0.3-ஐ கையால செய்யறவன். ரெண்டு பேரும் வேற வேற பல்லைப் பத்தி பேசறீங்க. அந்தம்மாவுக்கு பல்லு சின்னது, பக்கத்துல இடம் இருக்கு, அங்க எடுக்க வேண்டியதே இல்ல, சேத்தா போதும். டாக்டர் சொல்றது வரிசையா நல்ல அளவுல இருக்கற பல்லு, அது மேல ராவாம 0.3 ஏத்தினா பல்லு தடிச்சு உதட்டை முன்னால தள்ளும், ஈறுகிட்ட திண்டு மாதிரி நிக்கும், அழுக்கு சேரும், ஈறு செவந்து வீங்கும். இன்னொண்ணு, டெட்ராசைக்ளின் மாத்திரையால கறுத்த பல்லுன்னா 0.3 வச்சு ஒண்ணும் மறைக்க முடியாது, அடிக்கறுப்பு மேல வந்து சாம்பல் பூத்து நிக்கும். ஒரு ஷேடு, அதாவது நிறத்துல ஒரு படி மாத்த 0.2ல இருந்து 0.3 கனம் வேணும்ங்கறது எங்க தொழில் கணக்கு.

எனாமல்காவலன்:
சூளைக்காரன் சொன்னதை நான் இல்லைனு சொல்லல, ஆனா கேள்வி அது இல்ல. கேள்வி ரொம்ப எளிசு. 0.3 எடுக்கறதா வைக்கறதா. லேப்ல இருந்து வர்ற ஆளுக்கு நோயாளி வாய்க்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிய வாய்ப்பில்ல, பிளாஸ்டர் மாடலைத்தான் பாத்திருப்பாரு.

சூளைக்காரன்:
ஆமா, பிளாஸ்டர் மாடலைத்தான் பாக்கறேன். அந்த மாடல்லதான் தெரியும் எந்த டாக்டர் எவ்வளவு செதுக்கி அனுப்பறாருன்னு. "மினிமல் ப்ரெப்", அதாவது பல்லைக் கம்மியா செதுக்கினதுன்னு டாக்டர் அனுப்பற ஸ்லிப்ல எழுதியிருக்கும், மாடலைப் பாத்தா பல்லு குச்சியா நிக்கும். சொல்லவா இன்னும்?

கேப்போட்டவன்:
சூளைக்காரன் அண்ணே சொல்லுங்க, நல்லா சொல்லுங்க. என் கதை அதான். வெனீர்னு சொல்லித்தான் உக்கார வச்சாங்க, மரப்பு ஊசி போட்டு மேல் வரிசை முன்பல்லு எல்லாத்தையும் சுத்தி நாலு பக்கமும் சீவிட்டாங்க, கண்ணாடில பாத்தப்ப மஞ்சளா குட்டைக் குட்டையா குச்சிங்க நிக்குது, அன்னிக்கு ராத்திரி தண்ணி குடிக்க முடியாம பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதுல ரெண்டு பல்லுக்கு அப்புறம் ரூட் கேனால் பண்ண வேண்டியதாப் போச்சு. பல்லு நல்ல பல்லு சார், ஒரு சொத்தை கிடையாது, லேசா மஞ்சளா இருந்துச்சு அவ்வளவுதான். இப்ப இங்க வந்து வெண்முத்தைப் போட்டு காய்ச்சறீங்களே, உங்க ஆளுங்க பண்றதைக் கேளுங்க முதல்ல.

எனாமல்காவலன்:
தம்பி, உங்களுக்கு நடந்தது வெனீரே இல்ல, அது கிரவுன். 2002-ல எடல்ஹாஃபும் சோரன்சனும் ஒவ்வொரு வகைக்கும் எவ்வளவு பல்லு போகுதுன்னு எடை போட்டு அளந்து எழுதினாங்க. வெனீருக்கு பல்லோட மேல்பாகத்துல 3ல இருந்து 30 சதவீதம், முழு கிரவுனுக்கு 63ல இருந்து 72 சதவீதம். மஞ்சளா இருந்த நல்ல பல்லுக்கு முதல்ல ப்ளீச்சிங், அதுவும் போதலேன்னாதான் மத்ததைப் பத்தியே யோசிக்கணும். உங்களுக்குப் பண்ணினதை நான் ஒரு நாளும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனா வெண்முத்து மாதிரி ஆளுங்க "ஒண்ணுமே எடுக்க மாட்டாங்க"ன்னு எழுதறதாலதான் ஜனங்க எந்தக் கேள்வியும் கேக்காம போய் படுக்கறாங்க. இன்னும் அவங்க பதில் சொல்லல, 0.3 எதுன்னு.

வெண்முத்து:
சொல்லியாச்சு. மேல பாருங்க. 3 சதவீதம்னு நீங்களே சொன்னீங்க, அப்புறம் எதுக்கு இந்த கலாட்டா?

எனாமல்காவலன்:
3 வேற பூஜ்யம் வேற.

நடுநிசி:
டாக்டருக்கு எப்பவும் இதே வேலை. ப்ளீச்சிங் இழையிலயும் நான் ஒரு வார்த்தை சொன்னேன்னு மூணு பக்கத்துக்கு துரத்தி துரத்தி அடிச்சாரு, அது எனக்கு இன்னும் மறக்கல. பழைய வரலாறு தெரியுமா உங்களுக்கு? ஹாலிவுட்ல சார்லஸ் பின்கஸ்னு ஒரு பல் டாக்டர் 1930-கள்லயே நடிகருங்க பல்லு மேல மெல்லிசா மூடி ஒட்டி விட்டாரு. ஷூட்டிங் முடிஞ்சா கழட்டி வச்சுருவாங்க. பல்லுல ஒரு கீறல் விழல. கழட்ட முடியாதுன்னு யார் சொன்னா?

எனாமல்காவலன்:
பின்கஸ் ஒட்டினது பல்செட் ஒட்டற பவுடரால. சாப்பிட்டா கழண்டுடும், அதனாலதான் கேமரா முன்னாடி மட்டும். அவருக்கு எனாமல்ல ஒட்டற வித்தையே கையில இல்ல. 1955-ல புவனகோர் ஆசிட் வச்சு எனாமலை சொரசொரப்பாக்கலாம்னு காட்டினாரு, அதுக்கப்புறம் போவன் கண்டுபிடிச்ச ரெசின் வந்துச்சு, 1983-ல சைமன்சனும் கலாமியாவும் போர்சலினோட உள்பக்கத்தையும் ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட்ல அரிக்கலாம்னு எழுதின பிறகுதான் இன்னிக்கு நாம சொல்ற வெனீரே பொறந்துச்சு. ரெண்டு பக்கமும் அரிச்சு, போர்சலின் பக்கம் ரெசினோட இணைக்கற சிலேன் திரவம் தடவி, நடுவுல ரெசின் விட்டு, லைட் அடிச்சு இறுக்கினது. அதைப் பின்கஸ் மூடியோட சேக்கறீங்களே. ப்ளீச்சிங் இழையில நான் சொன்னதும் சரிதான். ப்ளீச் பண்ணின கையோட ஒட்டினா பல்லுல தங்கியிருக்கற ஆக்சிஜன் ரெசினை சரியா இறுக விடாது, ரெண்டு வாரமாவது விடணும்னு சொன்னேன். நீங்க அடுத்த நாளே ஒட்டலாம்னு எழுதினீங்க. இப்பவும் அதைத் திருத்தல.

நடுநிசி:
நான் எழுதினது வேற அர்த்தத்துல. நீங்க முழுசா படிக்காம பாய்ஞ்சீங்க.

எனாமல்காவலன்:
ஸ்க்ரீன்ஷாட் இருக்கு.

நடுநிசி:
வச்சுக்கோங்க, ஃப்ரேம் போட்டு கிளினிக்ல மாட்டுங்க.

மட்டுறுத்துநர்:
நண்பர்களே, ப்ளீச்சிங் சண்டையை அந்த இழையிலயே வச்சுக்கோங்க. இங்க வெனீர் பத்தி மட்டும்.

சூளைக்காரன்:
வெனீர் பத்தியே கேக்கறேன். டாக்டர், நீங்க ப்ரெப் பண்றதுக்கு முன்னாடி வேக்ஸப், அதாவது மெழுகுல முடிவு வடிவம் பண்ணி, சிலிக்கோன் அச்சு எடுத்து, நோயாளி வாயில அதே வடிவத்துல தற்காலிக மாதிரியான மாக்கப் போட்டு, அந்த மாக்கப் மேலயே ஆழம் அளந்து வெட்டற டெப்த் பர் ஓட்டறீங்களா, இல்ல நேரா பல்லு மேல ஓட்டறீங்களா? மாக்கப் வழியா போனா, வெளிய சேக்கற இடத்துல பர் வெறும் மாக்கப்பை மட்டும்தான் வெட்டும், பல்லைத் தொடாது. நேரா பல்லுல 0.5 ஓட்டினா, ஏற்கெனவே உள்ள அழுந்தியிருக்கற பல்லுல தேவையே இல்லாம அரை மி.மீ. போயிடும். பல்லைக் காப்பாத்தறதுன்னா இதுதான். நீங்க 0.3 0.3-ன்னு பிடிச்சுட்டு தொங்கறீங்க.

எனாமல்காவலன்:
மாக்கப் இல்லாம நான் ஒரு கேஸ் கூட தொடறதில்ல. எனக்கே பாடம் எடுக்கறீங்களா? நான் எனாமலுக்குள்ளயே நிக்கணும்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு, எனாமல்ல ஒட்டினது பல வருஷம் நிக்கும், டென்டின்ல ஈரமும் நுண்குழாயும் இருக்கு, ஒட்டு காலப்போக்குல பலவீனமாகும், விளிம்புல கறை ஏறும், கழண்டு கையில வரும். அதனாலதான் ஓரம் முழுக்க எனாமல் வளையம் விட்டு வைக்கறேன், ஈறுகிட்ட ரொம்ப ஜாக்கிரதையா போறேன், டென்டின் எங்கயாவது தெரிஞ்சா அச்சு எடுக்கறதுக்கு முன்னாடியே அதை பாண்டிங் பசை போட்டு மூடிடறேன். ராவவே வேண்டாத பல்லுலயும் மேலாப்பு எனாமல் வழுவழுன்னு இருக்கும், ஆசிட் சரியா ஏறாது, லேசா சொரசொரப்பாக்கித்தான் ஒட்டணும். சுவத்துக்கு பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி உப்புத்தாள் போடற மாதிரி. அதனால பூஜ்யம்ங்கறது கிடையாது. கிடையவே கிடையாது.

வெண்முத்து:
உப்புத்தாள் போட்டா சுவரு மெலிஞ்சுடுமா சார்? நீங்களே சொல்லிட்டீங்க.

எனாமல்காவலன்:
சுவத்தை மறுபடி பூசலாம். எனாமலைப் பூச முடியாது.

கேப்போட்டவன்:
அப்ப உதாரணமே தப்பு.

எனாமல்காவலன்:
உதாரணம் தப்பில்ல, உங்களுக்குப் புரியல. நான் சொல்றது மேற்பரப்பு பத்தி, நீங்க கனம் பத்தி பேசறீங்க.

கேப்போட்டவன்:
இந்த இழையே கனம் பத்தித்தான சார்? தலைப்புல மி.மீ.னு நீங்கதான போட்டிருக்கீங்க.

இரவுப்பல்:
எனக்கு ஒரு சந்தேகம். ராத்திரி தூக்கத்துல பல்லைக் கடிக்கிற பழக்கம் இருக்கு, நுனியெல்லாம் தேஞ்சு போயிருக்கு. எனக்கு மெல்லிசு வெனீர் ஒட்டலாமா? பல்லு நிற ரெசினான கம்போசிட்லயே பண்ணிக்கலாம், உடைஞ்சா அங்கயே ஒட்டுப்போட்டுக்கலாம்னு ஒருத்தர் சொல்றாரு.

சூளைக்காரன்:
கடிக்கிற பழக்கம் இருந்தா முதல்ல நைட் கார்டு, ராத்திரி பல்லு மேல மாட்டிக்கற உறை. அது போடாம போர்சலின் போட்டா நுனி சில்லு சில்லா தெறிக்கும். 0.3 கனத்துல செஞ்சது ஒட்டறதுக்கு முன்னாடி விரல்ல அழுத்தினாலே கீறல் விடும், ஒட்டின பிறகுதான் அதுக்கு பலம். கம்போசிட் பல்லைக் கம்மியா தொடும், ரிப்பேர் சுலபம், ஆனா பளபளப்பு போகும், கறை பிடிக்கும், போர்சலின் அளவுக்கு வருஷம் தாங்காது.

எனாமல்காவலன்:
நோயாளிக்கு ஆலோசனை சொல்ற வேலை லேப் ஆளுக்கு எப்ப வந்துச்சு? இரவுப்பல், நீங்க நேரா ஒரு டாக்டர்கிட்ட போய் கடியைப் பாருங்க. நுனி தேஞ்சிருக்குன்னா கடவாய்ப்பல்லையும் சேத்துப் பாத்துதான் முடிவெடுக்கணும், முன்பல்லுல மட்டும் ஒட்டினா அங்கயே அடி விழும்.

சூளைக்காரன்:
நான் சொன்னதுல தப்பு என்னன்னு சொல்லுங்க.

எனாமல்காவலன்:
தப்பு இருக்குன்னு நான் சொல்லல. சொல்லக்கூடியவர் நீங்க இல்லன்னு சொல்றேன்.

சூளைக்காரன்:
நல்லா இருக்கு நியாயம். பல்லுக்கு நிறம் குடுக்கறது நான், உள்ள கண்ணாடி மாதிரி தெரியற நுனியையும் ஓரத்து நீலத்தையும் லேயர் லேயரா வச்சு சூளையில சுடறது நான், போட்டோல நோயாளி சிரிக்கறப்ப பேர் மட்டும் டாக்டருக்கு. பரவால்ல. ஆனா ஸ்லிப்ல ப்ரெப்புக்கு முன்னாடி எடுத்த போட்டோவும் அடிப்பல்லு ஷேடும் அனுப்பச் சொல்லி எத்தனை தடவை கேட்டாலும் வர்றதில்ல, அப்புறம் "நிறம் சரியில்ல, திரும்பப் பண்ணு"ன்னு மட்டும் உடனே போன் வரும்.

எனாமல்காவலன்:
நான் அனுப்பறேன். எல்லா கேஸுக்கும் அனுப்பறேன்.

நடுநிசி:
அதுக்கும் ஸ்க்ரீன்ஷாட் இருக்கா சார்?

எனாமல்காவலன்:
உங்களுக்கு வேற வேலையே இல்லையா? இரவுப்பல் கேட்ட கேள்விக்கு பதில் எழுதிட்டு இருக்கேன், நடுவுல வராதீங்க. இரவுப்பல், காலைல எழுந்ததும் தாடை வலிக்குதா, கன்னத்துப் பக்கம் தசை இறுகியிருக்கா, அதை எழுதுங்க முதல்ல.

இரவுப்பல்:
வலிக்குது சார். ஆனா நீங்க ரெண்டு பேரும் நைட் கார்டு முதல்லயா வெனீர் முதல்லயான்னு ஒண்ணா சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்.

சூளைக்காரன்:
நைட் கார்டு முதல்ல. சொல்லியாச்சு மேலயே.

எனாமல்காவலன்:
கடியைப் பாக்காம அதையும் சொல்லக்கூடாது.