தரம் 10 தமிழ் ஒப்படை: பிள்ளைகளிடம் என்ன கேட்கலாம்?

குளக்கட்டு:
முல்லைத்தீவுப் பக்கம் தரம் 10, 11க்குத் தமிழ் படிப்பிக்கிறேன். தவணைக்கு ஒரு ஒப்படை கொடுக்கவேண்டும், தலைப்பைச் சொன்ன அன்று பின்னேரமே பிள்ளைகள் கொமினிகேசன் கடைக்குப் போய் இணையத்தில் கிடைத்ததை அப்படியே பிரிண்ட் எடுத்து, பளபளவென்று ஒரு மட்டையும் போட்டுக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். போனமுறை பாரதியார் பற்றிக் கேட்டேன், பாதிப் பேரின் ஒப்படையில் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை! இந்தமுறை ஊரோடு சேர்ந்த ஏதாவது செய்யவைக்க யோசிக்கிறேன். நாட்டார் பாடலா, கூத்தா, வேறு ஏதுமா? புள்ளி எப்படிப் போடுவது என்றும் சொல்லுங்கள். செலவில்லாததாக இருந்தால் நல்லம்.

வெண்கட்டி:
நாட்டார் பாடல் நல்லதுதான். ஆனால் "சேர்த்து வா" என்று மட்டும் சொன்னால் அதையும் கொமினிகேசனில்தான் சேர்ப்பார்கள். கிளிநொச்சியில் நாங்கள் செய்தது, வீட்டில் மூத்த ஒருவரிடம் அரிவு வெட்டுப் பாட்டோ தாலாட்டோ ஒப்பாரியோ கேட்டு, போனில் பதிந்து, காதில் விழுந்தபடி கையால் எழுதவேண்டும். பாடியவர் யார், எங்கே பழகினார், எந்த வேலைக்கு நடுவில் பாடினார் என்பதும் கீழே வரவேண்டும், பாதிப் புள்ளி அதற்குத்தான். வெட்டு மெசின் வந்தபிறகு வயலில் பாட்டு ஏது? அம்மம்மாமார் முதலில் "எல்லாம் மறந்துபோச்சு" என்பார்கள். பிள்ளை தெரிந்த நாலு வரியைத் தப்பும் தவறுமாகப் பாடிக்காட்டட்டும், "அப்படியில்லையடி" என்று அவர்களே தொடங்கிவிடுவார்கள்.

ஒட்டுசுட்டான்காரன்:
ஒப்பாரியை விட்டுவிடுங்கள் ரீச்சர். 2009 போரில் ஆளைப் பறிகொடுக்காத வீடு எங்கள் பக்கம் எத்தனை? ஒப்படைக்காக ஒரு பிள்ளை போய் அதைக் கேட்கக்கூடாது.

பாட்டை விட எனக்குப் பிடித்தது இது. கற்சிலைமடுவில், வெள்ளைக்காரரோடு சண்டை பிடித்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் நினைவுக்கல் இருக்கிறதல்லவா, 1803 ஒக்டோபர் 31இல் வெள்ளைக்காரப் படையின் கப்டன் வொன் ட்றிபேர்க் அவனை இங்கே தோற்கடித்தான் என்பதுதான் அதில் பொறித்த செய்தி. அதற்கு இரண்டு மாதம் முன்னர் முல்லைத்தீவுக் கோட்டையை வன்னியன் பிடித்த கதை அதில் இல்லை, ஏனென்றால் கல் நட்டவன் வெள்ளைக்காரன். அந்த வாசகத்தை வகுப்பில் எழுதிப் போட்டுவிட்டு, இதே சண்டைக்கு வன்னியன் ஆட்கள் கல் நட்டிருந்தால் என்ன பொறித்திருப்பார்கள் என்று கேளுங்கள். இரண்டே வரி. பிறகு முல்லைத்தீவுக் கோட்டை பிடிபட்ட சண்டையை அதற்குள் சமைத்துக்கொண்டிருந்த ஒருவன் சொல்கிற மாதிரி ஒரு பக்கம். இதை எங்கே போய்ப் பிரிண்ட் எடுக்கிறார்கள் பார்ப்போம்.

மன்னாரான்:
கூத்து என்றால் முப்பது பிள்ளைகளையும் கூத்துப் பழக்குகிற ஒரே அண்ணாவியார் வீட்டுக்கு அனுப்பி அந்த மனுசனை அரிக்கவேண்டாம். ஒருநாள் வகுப்புக்கு அழையுங்கள், பிள்ளைகள் கேள்விகளை முதலே எழுதி வைத்திருக்கட்டும். எங்கள் பக்கக் கூத்தின் இரண்டு பாணிகளான வடபாங்கு, தென்பாங்கு இரண்டையும் பாடிக்காட்டச் சொன்னோம், வித்தியாசம் அப்போதுதான் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. முள்ளியவளையில் கோவலன் கூத்து ஆடுகிறவர்கள் உங்களுக்குக் கிட்டத்தானே?

குளக்கட்டு:
கிட்டத்தான். ஆனால் இந்தத் தவணைக்குக் கல்லை எடுக்கிறேன், பாட்டைக் காலபோக நெல் வெட்டு நேரத்துக்கு வைக்கலாம். ஒப்பாரி வேண்டாம், சரி. வெண்கட்டி, போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன செய்தீர்கள்?

வெண்கட்டி:
சோடி சேர்த்துவிட்டோம். ஒருவருடைய போன், மற்றவருடைய அம்மம்மா. எழுதுவது மட்டும் தனித்தனி, இல்லாவிட்டால் பழையபடி ஒரே எழுத்துப்பிழைதான் வரும்.