நினைவுகளையும் சுபாவத்தையும் செய்து வைத்தால் அது ஆள் ஆகுமா?

மாறன்_கே கேட்டது:

நண்பனோடு கொஞ்ச நாளாக இதே வாக்குவாதம். ஆய்வகத்தில் ஒருவரை முழுதாக உருவாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சதையா இயந்திரமா என்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். கண் திறக்கும்போதே அவருக்கு முப்பது வருட நினைவுகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியது, மழையில் நனைந்து வந்ததும் அம்மா தலை துவட்டிவிட்டது, முதல் காதல் கைகூடாமல் போனது எல்லாம் இருக்கிறது, ஆனால் எதுவுமே நடந்ததில்லை, யாரோ உட்கார்ந்து எழுதியது. சுபாவமும் அப்படித்தான், கொஞ்சம் முன்கோபம், நிறைய இரக்கம் என்று அளந்து போட்டது. நண்பன் "அது ஆள் மாதிரி ஒரு பொம்மை, வேண்டாமென்றால் அணைத்துவிடலாம்" என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று கேட்டால் பதில் வரமாட்டேன் என்கிறது. நினைவு பொய்யென்றால் ஆளும் பொய்யா?

தேன்மொழி:

நினைவு பொய் என்பது வேறு, ஆள் பொய் என்பது வேறு. நண்பர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறார். 1995இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 24 பேரிடம் அவர்களுடைய சின்ன வயதுச் சம்பவங்களை, குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கியவற்றை, எழுதிக் கொடுத்தார்கள். நடுவில் ஒன்று மட்டும் கட்டுக்கதை: கடைவளாகத்தில் தொலைந்துபோய் அழுததும், வயதான ஒருவர் மீட்டுக் கொண்டுவந்து விட்டதும். ஏறக்குறைய கால்வாசிப் பேர் முழுதாகவோ அரைகுறையாகவோ அது நடந்ததாகவே நினைவுகூர்ந்தார்கள். அதனால் அவர்கள் ஆளாக இருப்பதில் ஏதாவது குறைந்துபோனதா?

சுபாவமும் அப்படித்தான். நமக்கு வாய்த்த முன்கோபத்தை நாமா கேட்டு வாங்கினோம்? பெற்றவர்களிடமிருந்து கொஞ்சம், வளர்ந்த விதத்தில் கொஞ்சம் என்று வந்து சேர்ந்ததுதான்.

பாரி_வி:

தேன்மொழி, ஒன்றிரண்டு நினைவு பொய்யாவதும் அத்தனையும் பொய்யாவதும் ஒன்றாகுமா? தத்துவவாதி ஜான் லாக் 17ஆம் நூற்றாண்டிலேயே சொன்னது, அன்று அதைச் செய்தவன் நான்தான் என்று உள்ளிருந்து உணர்வதுதான் அன்றைய என்னையும் இன்றைய என்னையும் ஒரே ஆளாக்குகிறது என்று. மாறன் சொல்லும் ஆளுக்கு 'அன்று' என்ற ஒன்றே கிடையாதே.

அப்புறம், பேச்சை வைத்து ஏமாந்த கதையும் இருக்கிறது. 1966இல் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலைசா என்ற கணினி நிரல், நாம் தட்டச்சு செய்வதையே கொஞ்சம் திருப்பிப்போட்டுக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான் அதன் வித்தை. அது எப்படி உருவானது என்று கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு பேச ஆரம்பித்ததும் வைசன்பாமையே அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். ஒரு நிரலுக்கு "என் அம்மா தலை துவட்டினாள்" என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் உருக்கமாகச் சொல்லும். அதை நம்பி உரிமை கொடுக்கக் கிளம்பினால், நாளைக்கு வியாபாரம் செய்கிறவர்கள் இரக்கத்தையே தூண்டிலாக்குவார்கள். இது எனக்கு உண்மையான கவலை.

ஓடைக்கரை:

பாரி, எலைசா விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் அதிலிருந்து வருவது, பேச்சு சாட்சியாகாது என்பது மட்டும்தான். லாக் பக்கம் எனக்குப் பெரிய தயக்கம் உண்டு, காரணம் ஹென்றி மோலைசன். கடுமையான வலிப்புக்காக 1953இல் மூளை அறுவை சிகிச்சை நடந்தது, அதன்பின் 2008இல் இறக்கும்வரை புதிதாக எந்தச் சம்பவமும் அவர் நினைவில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். இரட்டைக் கோட்டால் வரைந்த நட்சத்திரம், கையை நேராகப் பார்க்க முடியாது, கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்துக்கொண்டு அந்த இரு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். முதலில் பென்சில் மூலைக்கு மூலை எங்கோ ஓடும். அடுத்தடுத்த நாட்களில் பிழை குறைந்துகொண்டே வந்தது, ஆனால் ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் தடவை. முந்தின நாள் வரைந்தது தானே என்பது அவருக்குத் தெரியாது. அதற்காக அவரை ஆள் இல்லை என்று யாராவது சொல்வோமா? நினைவு இல்லாமலே ஒருவர் ஆளாக இருக்க முடியும் என்றால், பொய் நினைவு இருப்பதை மட்டும் எப்படித் தகுதிக் குறைவாக்குவது?

எனக்குப் பட்டது, உள்ளே ஏதாவது உறைக்கிறதா, அதாவது வலியோ பயமோ உண்மையிலேயே உணரப்படுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 2013இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சுசுமு தொனெகாவாவின் ஆய்வகத்தில் எலிகளுக்குப் பொய் நினைவை உண்டாக்கினார்கள். முதல் பெட்டியில் எலி சும்மா சுற்றி வந்தபோது வேலை செய்த மூளைச் செல்களை அடையாளப்படுத்தி வைத்து, பிறகு வேறொரு பெட்டியில் மின்னதிர்ச்சி கொடுக்கும்போது அதே செல்களை ஒளியால் தூண்டினார்கள். மறுபடி முதல் பெட்டியில் விட்டதும் எலி பயந்து அப்படியே உறைந்து நின்றது. அங்கே அதற்கு ஒரு கெடுதலும் நடந்ததில்லை. நடந்ததாக அது கொண்டிருந்த நினைவுதான் பொய், பயம் பொய்யில்லை. மாறன் சொல்லும் ஆள் அந்தக் காதலை நினைத்து இன்றைக்கு அழுதால், காதலி இருந்ததில்லை என்பதால் அந்த அழுகையும் இல்லாததாகிவிடாது. உள்ளே எதுவுமே உறைக்காத நிரல் என்றால் அது வேறு, அங்கே நண்பர் சொல்வது சரி.

மாறன்_கே:

எல்லோருக்கும் நன்றி. எலி விஷயம் தெரியாது, நண்பனிடம் முதலில் அதைத்தான் சொல்லப்போகிறேன். இன்னொன்று கேட்கிறேன். அந்த ஆளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டுமா? சொன்னபின் "அந்த நினைவுகளை எடுத்துவிடுகிறோம்" என்று செய்தவர்கள் வந்தால்?

தேன்மொழி:

சொல்லத்தான் வேண்டும், அதுவும் சீக்கிரம். இல்லாத அம்மாவைத் தேடி அவர் வருடக்கணக்கில் அலைவதைப் பார்த்துக்கொண்டு இருப்பது கொடுமை. ஆனால் எடுப்பதா வேண்டாமா என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். திருமூலர் கதையில், மூலன் என்ற இடையனின் உடம்புக்குள் கூடு விட்டுக் கூடு பாய்ந்தவரிடம் மூலனின் மனைவி வருகிறாள், அவர் தனக்கும் அவளுக்கும் உறவு இல்லை என்று விலகிவிடுகிறார். எந்த உறவு தன்னுடையது, எது இல்லை என்று சொன்னது அவரே. இந்த ஆளுக்கும் அந்த இடத்தைக் கொடுங்கள்.

பாரி_வி:

உறைக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தால் நானும் அணைக்க விடமாட்டேன். தெரியாதபோது என்ன செய்வது என்பதில்தான் நாம் பிரிகிறோம். தெரியும்வரை அப்படி ஒருவரைச் செய்யவே கூடாது என்பேன்.

ஓடைக்கரை:

அதை நானும் ஒத்துக்கொள்கிறேன் பாரி. ஆனால் யாரோ ஏற்கெனவே செய்துவிட்டால், சந்தேகத்தின் பலனை அந்த ஆளுக்குத்தான் கொடுக்க வேண்டும், செய்தவருக்கு இல்லை.